என் வேடத்தில் ஒருத்தி

பண்பாட்டு மன்றத்தின் மூன்றாம் வரிசையில்
எனக்கென்று நாற்காலி ஒதுக்கியிருந்தார்கள்.
திரையில் பெவ்ரோனியா என்று
என் பெயரைச் சொல்லிக்கொண்டு நடந்தாள் ஒருத்தி,
யாகுத்ஸ்க் நாடக அரங்குப் பெண்,
அத்தனையும் சொந்தப் பல்.

பனியைச் சரியாகத்தான் பிடித்திருந்தார்கள்.
விடிவதற்கு முன்னால் வரும் அந்த நீலம், சரி.
மோமா ஆற்றின் மேல் லாரி நின்றதும்
என் புருஷன் இன்னகென்தி
எஞ்சினுக்கடியில் தீ மூட்டப்போய்
அப்படியே உறைந்ததும், சரி.
(அவன் அவ்வளவு அழகனில்லை. போகட்டும்.)

ஆனால் அவள் கத்துகிறாள்.
மைனஸ் ஐம்பத்தாறில் யாரும் கத்துவதில்லை.
வாயைத் திறந்தால் நெஞ்சுக்குள் கண்ணாடி இறங்கும்.
விட்ட மூச்சு காதோரம் உறைந்து உதிரும்,
பக்கத்து அறையில் யாரோ
தானியம் கொட்டுவதுபோல.
பதினோரு நாளும் அந்தச் சத்தம்தான் துணை.
படத்தில் அதற்கு வயலின் வைத்திருந்தார்கள்.

ஓநாய்கள் வருகின்றன. மூன்று.
எனக்கு வந்தது ஒரே ஒரு அண்டங்காக்கை.
எப்போது விழுவேன் என்று
லார்ச் மரத்துக்கு மரம் தாவிக் காத்திருந்தது.
நான்காம் நாள் அதனிடம்
கூட்டுறவுக் கடைக் கடனைப் பற்றிப் பேசினேன்.

மீன் மூட்டையை அவள் ஆற்றில் தவறவிடுகிறாள்.
நான் தவறவிடவில்லை.
உறைந்த மீனைக் கத்தியால் சீவி
கணக்குப் பார்த்துத் தின்றேன்,
வேளைக்கு ஏழு சீவல்.
இடது காலில் இரண்டு விரல் கறுத்த அன்று
எட்டாகக் கூட்டிக்கொண்டேன்.

கடைசிக் காட்சி.
வேட்டைக் குடிசையின் புகையைக் கண்டதும்
ஓடுகிறாள், விழுகிறாள், ஓடுகிறாள்.
பின்வரிசையில் மூக்குச் சிந்தும் ஓசை.
என் மருமகள் என் கையைப் பற்றிக்கொண்டாள்.

இயக்குநர்ப் பையன் மூன்று நாள்
என் சமையலறையில் உட்கார்ந்து
பதிவுக் கருவியை வைத்துக் கேட்டான்.
எல்லாம் சொன்னேன்.
இதைச் சொல்லவில்லை:

புகையைக் கண்டதும் நான் நின்றுவிட்டேன்.
சறுக்குவண்டிக் கயிற்றை விட்டுவிட்டு
கவிழ்த்து வைத்த படகொன்றின் மேல் உட்கார்ந்தேன்.
உள்ளே மனிதர் இருப்பார்கள்.
உன் புருஷன் எங்கே என்பார்கள்.
பதில் சொல்லும் அந்த நொடியில்
அவன் செத்துப்போவான்.

அதுவரை அவன் லாரிக்கடியில்
யாரையோ திட்டிக்கொண்டே
தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தான்.

புகை மெலிந்தது. மறுபடி தடித்தது.
யாரோ அடுப்பில் இன்னொரு விறகு போட்டிருக்க வேண்டும்.
அந்த விறகும் எரிந்து முடியும்வரை
அவனை வைத்திருந்தேன்.

விளக்குகள் எரிந்தன. கை தட்டினார்கள்.
நானும் தட்டினேன், அவளுக்காக.
எவ்வளவு வேகமாய் ஓடினாள், பாவம்.