பதினாறு டிகிரி

கேஸ் நிரப்பத்தான் போனேன்,
ஜனபியாவில் ஒரு வில்லா, ஜூலை.
வாசலில் நான்கு தொட்டி இங்கிலீஷ் ரோஜா,
இலையோரம் பீடி நுனியாய்க் கருகி.
துணைக்கு வைத்த லாவெண்டர்
துடைப்பமாகியிருந்தது.

"ஆறு மணி நேர வெயில் வேண்டும் என்று
சீட்டில் போட்டிருக்கிறதே" என்றார் ஷெனாஸ் மேடம்.
எந்த ஊர் வெயில் என்று போடவில்லை.

மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தேன்.
உப்பு.
ஏசி வடிகுழாயைத் தொட்டிப் பக்கம்
திருப்பிவிட்டேன்; பில்லில் எழுதவில்லை.
லாவெண்டரைப் பிடுங்கிய குழியில்
மறுவாரம் ஒரு மஷ்மூம் நாற்று,
நம் திருநீற்றுப்பச்சிலைக்கு
ஒன்றுவிட்ட தங்கை.

ஜனவரியில் மறுபடி அழைப்பு.
பஹ்ரைன் முழுக்க ஏசியை மூடிவைத்த குளிர்.
மேடத்துக்கு ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை,
மூக்கு சிவந்து.
ஹாலில் பதினாறு டிகிரி ஓடிக்கொண்டிருக்கிறது.
"தண்ணீர் சரியாகச் சொட்டுவதில்லை, பாருங்கள்."

ஜன்னலுக்கு வெளியே
பால்கோவா நிறத்தில் ஒரு பூ.
எத்தனை மடிப்பு!
தலை கனத்து
மஷ்மூம்மேல் சாய்ந்திருந்தது.
குனிந்து மோந்தேன்,
எது எதன் வாசனையென்று
பிரியவில்லை.

"ஏசியில் பழுதில்லை மேடம்,
காற்றில்தான் ஈரம் குறைவு."
ஃபில்டரைக் கழுவி மாட்டினேன்.
ரிமோட்டைத் தொடவில்லை.