இரண்டு சொல் அதிகம்

எக்ஸ்ரே அறைக்குப் பின்னால்
ஈயத்தகடு அடித்த கதவை ஒட்டி என் மேசை.
இருபத்திமூன்று வருஷம்.
பில் அடிக்க வந்தவள்.
ஒருநாள் டாக்டர் ரூபவதி ஒரு கவரை நீட்டி
"ஒனக்கு இங்கிலீஷ் வரும்லா, கேட்டுப் பாரு" என்றார்.
அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

குறைமாதப் பிள்ளைக்குச் சூடு தரும் பெட்டி,
ஜெனரேட்டர்,
விஷமுறிவு மருந்து வைக்க ஃபிரிட்ஜ்.
கேட்டும் கிடைக்காதவை
ஹார்லிக்ஸ் அட்டைப்பெட்டியில் வருஷவாரியாக:
வருந்துகிறோம், வருந்துகிறோம், இந்த ஆண்டு முன்னுரிமை வேறு.
ஒரு பெட்டியின் அடியை எலி தின்றிருந்தது.
அதுவாவது பயனாளி.

மேற்கே காற்றாலைகள் விடியவிடியச் சுற்றும்.
இங்கே கரண்ட் போகும்.
எந்த ஊரிலோ நள்ளிரவு ஆவதற்குள்
பீடி சுற்றுகிறவளின் இருமல்
நூற்றுக்கு இத்தனை என்று மாறி
போய்ச் சேர வேண்டும்.

ஊர் இட்டமொழி.
பார்வையிட வந்த வெள்ளைக்காரர் அர்த்தம் கேட்டார்.
கொடுத்த வாக்கு என்று சொல்லிவைத்தேன்.
நிஜமா, தெரியாது.
அவருக்குப் பிடித்திருந்தது.

ஆம்புலன்ஸ் கேட்ட வருஷம்
உதாரணம் ஒன்று வேண்டும் என்றார்கள்,
இருநூற்றைம்பது சொல்லுக்குள்.
சுயம்புலிங்கம். காற்றாலைக் காவல்.
தேரி மணல், செருப்பில்லாத கால், சுருட்டை விரியன்.
லோடு ஆட்டோவில் முருங்கைக்காய்க் கட்டுகள் மேல்
மல்லாந்து வந்து சேர்ந்தார்,
ஈறில் ரத்தம் கசிய.
கடைசி வரியை இப்படி முடித்திருந்தேன்:
இறந்திருப்பார்.

தமிழில் அது ஒரு சொல்.
ஆங்கிலத்தில் மூன்று.

எண்ணினேன். இருநூற்றைம்பத்திரண்டு.
மூடப் பத்து நிமிஷம், யூபிஎஸ் கூவுகிறது.
எதை எடுக்க?
பெயரை எடுக்க மனசில்லை.
மணலையும் முருங்கைக்காயையும் எடுத்தால் ஊரே போய்விடும்.
கடைசி மூன்றில் முதல் இரண்டை எடுத்தேன்.
கணக்கு சரி.
அனுப்பிவிட்டேன்.

வண்டி வந்தது. வெள்ளை. கதவில் அவர்கள் பெயர்.
கூடவே ஒரு கடிதம்:
அவர் மனைவிக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.
எந்த ஃபைலில் சேரும் அது?
இழுப்பறையில், மை தீர்ந்த பேனாக்களுக்கு அடியில் கிடக்கிறது.

பன்னிரண்டு வருஷத்தில் அந்த வண்டிக்குள்ளேயே
நான்கு பிள்ளைகள் பிறந்தாயிற்று.
ஒன்று சுயம்புலிங்கத்தின் பேரன்.
அறிக்கையில் எண்ணிக்கை மட்டும் எழுதினேன்.

மாசத்தின் முதல் செவ்வாய்
பிரஷர் மாத்திரைக்கு வருவார்.
கையில் எனக்கென்று முருங்கைக்காய்.
"எக்கா, ஒங்க எழுத்துக்கு ஒரு கும்பிடு.
வண்டியே வந்துட்டுல்லா."
முகம் பார்த்து வாங்கியதில்லை.
சாம்பார் வைப்பேன், சாப்பிடுவேன். அது வேறு.

இன்று படிவத்தில் புதிதாக ஒரு கட்டம்:
முன்பு தந்த தகவலில் திருத்தம் ஏதேனும் உண்டா?
சொல் வரம்பு இல்லை.
கர்சர் துடிக்கிறது.

வெளியே நர்ஸ் கிறிஸ்டலின் டோக்கன் கூப்பிடுகிறாள்.
நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்று, சுயம்புலிங்கம்?
பெஞ்சுக்கு அடியில் செருப்பைத் தேடும் சத்தம்.
"இருக்கேம்மா, இருக்கேன்."