மாயா

சட்டமன்றத்தில் செவ்வாய்க்கிழமை கை தூக்கினார்களாம்.
வெள்ளிக்கிழமை என் கையில் இருநூற்றுப் பதினான்கு படிவம்,
புக்கிட் செனாலி தாமானில் வீட்டுக்கு ஒன்றாக.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் மலாயில் தடித்த எழுத்து:
லோஜி ஜனகுவாசா மாயா.

"மாயாவா?" எட்டாம் நம்பர் ஏகவல்லி சிரித்தாள்,
மீன் அலசிய கையை ஜன்னலுக்கு வெளியே உதறியபடி.
"லெட்ரிக் பில் மட்டும் மெய்யா வருதே!"

சொல்லிப் பார்த்தேன்.
புகைபோக்கி கிடையாது, வேலி கிடையாது, காவலுக்கு நாய் கிடையாது.
உங்கள் கூரையில் வெயில் குடிக்கும் தகடு, ரொசிதா வீட்டு பேட்டரி,
ஆ செங் கடை ஐஸ் பெட்டி, கோயில் மண்டப ஏர்கோன்,
எல்லாம் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்
அதுதான் ஆலை.
எங்கே இருக்கிறது என்று கேட்டால்
காட்ட விரல் போதாது.

"சீட்டு மாதிரின்னு சொல்லு," என்றாள்.
"ஆனா ஏலம் எடுக்குறது யாரு?"

அதற்கு மூன்றாம் பக்கத்தில் பதில் இருந்தது, பொடி எழுத்தில்.
நிறுவனம் செய்யலாம் என்றில்லை, செய்தே ஆகவேண்டும்.
கேட்காமல் எடுக்கக் கூடாது.
எடுத்ததற்குக் கணக்கும் காசும்.
அந்த வரிகளை மட்டும் இரண்டு முறை வாசித்தேன்,
ஒரு முறை எனக்காக.
இந்தத் தாமான் நிற்கும் மண்ணில்
செம்பனைக்கும் முன்னால் ரப்பர் நின்ற காலத்தில்
இரவு ஒன்பதரைக்கு எஞ்சினை நிறுத்துவார்கள்.
யாரையும் கேட்டு நிறுத்தவில்லை.
படிவமும் இல்லை.

பதினேழாம் வீடு தட்டத் தட்டத் திறக்கவில்லை.
திறந்தபோது கண்ணெல்லாம் சிவப்பாகத் தமிழ்மாறன்.
கையுறைத் தொழிற்சாலை, ராத்திரி ஷிப்ட்.
"மூணு மணியா உங்க உச்ச நேரம்?
எனக்கு அது நடுராத்திரி அக்கா.
ரெண்டு டிகிரி ஏறினா முழிச்சிருவேன்.
பகல்ல முழிச்சவன் விரல் ராத்திரி மெஷின்ல போகும்."
விரித்துக் காட்டினான். பத்தும் இருந்தன.

படிவத்தில் இரண்டே கட்டம்.
மருத்துவக் கருவி உள்ள வீட்டுக்கு விலக்கு உண்டு,
தூக்கத்துக்குக் கட்டம் இல்லை.
'சம்மதமில்லை'யில் குறி போட்டுவிட்டு
ஓரத்தில் பேனாவால் எழுதினேன்:
இவர் பகலில் உறங்குபவர். இரவில் கேட்கவும்.
கணினியில் இதை ஏற்ற இடமில்லை என்றார் மேலதிகாரி.
இடம் செய்யுங்கள் என்றேன்.
பார்க்கலாம் என்றார்.
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச்சில் ஒரு நாள், மழை எட்டிப் பார்க்காத வாரம்,
மூன்று பத்துக்குக் கைத்தொலைபேசி அதிர்ந்தது.
முதல் அழைப்பு.
தாமான் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
ஆ செங் ஐஸ் கச்சாங் சுரண்டிக்கொண்டிருந்தான்.
ஏகவல்லி வீட்டு சீரியலில் யாரோ அழுதார்கள்.
எண் வந்தது: நூற்றெண்பத்தேழு வீடு, முந்நூற்றுப் பத்து கிலோவாட்.
(மாதக் கடைசியில் அவள் பில்லில்
பதினோரு ரிங்கிட் நாற்பது சென் குறைந்திருந்தது.
"மெய்தான்," என்றாள், மேற்கொண்டு எதுவும் சொல்லாமல்.)

பதினேழாம் வீட்டுப் பின்புறம் மட்டும்
ஏர்கோன் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது
ஒரு பழைய பெயிண்ட் வாளிக்குள்.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
அந்தச் சந்தைக் கடந்தேன்.
சிமெண்டு சுட்டது.