பட்டுப் பிரிவு, முதல் மாடி

ராயக்கோட்டை ரோட்டு ஜவுளிக்கடை
மூடி ஆறு வருஷம்.
லிஃப்ட் குழியில் தவளை கத்தியது.
இடையிடையே சுவர் எழுப்பி
இப்போது எட்டு வீடு.

"ஜன்னலத் திறந்தா கோட்டை மலை தெரியும்மா"
என்றான் ஓனர் மகன்,
என்னை அடையாளம் தெரியாமல்.
விளம்பரப் பலகைக்குப் பின்னால்
ஜன்னல் இருந்ததே
எனக்குத் தெரியாது.

ட்ரையல் ரூம் குளியலறை ஆகிவிட்டது.
ஆளுயரக் கண்ணாடி பெயர்ந்து வரவில்லையாம்,
விட்டுவிட்டார்கள்.
வெள்ளையடித்தும் தூணில் மங்கலாக
'விற்ற சரக்கு வாபஸ் இல்லை'.

மாதேஷ் அடுப்பை இறக்கி வைத்துவிட்டு
கட்டில் எங்கே போடலாம் என்றான்.
அந்தத் தூணோரம் காட்டினேன்.
ஒன்பது வருஷம்
கேமரா பார்க்க நான் நின்ற இடம்.
சாய்ந்தால் ஐம்பது ரூபாய் பிடிப்பார்கள்.

கட்டில் நாளைக்குத்தான் வரும்.
வெறுந்தரையில் உட்கார்ந்து
காலை நீட்டினேன்,
எதுவரை போகிறதென்று பார்க்க.