மேல்விலங்கு

பாடாங் செராய் கிளினிக்கில்
செவ்வாய்க்கிழமை பதினேழு மூக்குகள்.
குச்சியை விட்டுச் சுழற்றி
குழாயில் முறித்துப் போட்டு
பெயர் எழுதுகிறேன்.
பெயரில்தான் என் கை நிதானிக்கும்.

அப்பா சன்னாசி.
அண்ணனின் பிறப்புப் பத்திரத்தில் மட்டும் சின்னாசி.
தோட்டத்து ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு கிராணி,
சோற்று நேரமோ, காற்றாடிச் சத்தமோ,
ரூமியில் ஓர் எழுத்து.
தமிழில் எழுதிப் பார்த்தால் ஒரு மேல்விலங்கு, அவ்வளவுதான்.
அதை மாட்டிக்கொண்டு
இருபத்தாறு வருஷமாய்
சுங்கை பட்டாணிக்கும் அலோர் ஸ்டாருக்கும் பஸ் ஏறுகிறான்.
அட்டை இன்னும் சிவப்பு.
கல்யாணத்தைப் பதிய
மூன்று முறை மாலையோடு போய்த் திரும்பினான்.

வைரஸுக்கு இந்தத் தொல்லை இல்லை.
எட்டுத் துண்டு ஆர்.என்.ஏ.,
பதின்மூவாயிரத்துச் சொச்சம் எழுத்து.
நகலெடுக்கும் புரதம்
எழுதியதைத் திரும்பப் படிப்பதே கிடையாது.
தப்பும் தவறுமாய்ப் பிள்ளைகள்;
பாதி விளங்காது,
பிறந்த செல்லோடு சுருண்டுவிடும்.
யாரும் மனுப்போட்டுத் திருத்துவதில்லை.

ஆனால் எங்கேயோ ஒன்று...
பயிற்சியில் சொன்னதை நோட்டில் குறித்திருக்கிறேன்.
பி.பி.2, அறுநூற்று இருபத்தேழாம் இடம்.
ஒரு ஜி, ஏ ஆகிறது.
பறவைச் சூட்டில் மட்டும் நன்றாய்ப் பெருகத் தெரிந்தது
நம் மூக்குக் குளிரிலும் பெருகத் தொடங்குகிறது.
ஓர் எழுத்துக்கு
அங்கே கதவு திறக்கிறது.

பதினேழாவது மூக்கு அண்ணனுடையது.
செம்பனைக்குப் பின்னால் இருக்கும் கோழிப்பண்ணையில்
ரொபியுலோடு கூண்டு கழுவுகிறான்.
கவுண்டரில் ரொஸ்னா சிவப்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"வலிக்குதா?"
"நீ குத்தினா வலிக்காம?"
கண்ணில் தண்ணீரோடு சிரித்தான்.
குழாயில் எழுதினேன்:
சிவசிதம்பரம், த/பெ சன்னாசி.
யோசிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஈப்போவிலிருந்து வந்தது.
பதினாறு பேருக்கு முடிவு.
சாதாரண பருவக் காய்ச்சல், கோழிக்குச் சம்பந்தமில்லை.
பதினேழாவதில் ஒரு வரி:
பெயர் பொருந்தவில்லை, மாதிரி நிராகரிப்பு, மறுபடி எடுக்கவும்.

சரியாய் எழுதியதுதான் பிழை.

திரும்பக் கூப்பிட்டேன். வந்தான்.
சின்னாசி என்றே எழுதினேன்,
ஐ-க்கு மேல் புள்ளியை அழுத்தி.
குச்சியில் ஒன்றுமில்லை; காய்ச்சல் விட்டு மூன்று நாளாம்.
வந்துபோனது எதுவென்று
எங்கேயும் பதிவாகவில்லை.

பக்கத்து நாற்காலியில் அவன் மகள்
பள்ளிச் சீருடையில்,
காலை ஆட்டியபடி,
தும்மினாள்.