இடது விளக்கு

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வரை போய்
புஸ்பாகோமில் என் பள்ளி வேன் தோற்றது.
காரணம் ஒரு வரி:
இடது விளக்கு மேலே பார்க்கிறது.

மேலே பார்க்கத்தான் செய்யும்.
விடியுமுன் ஐந்தே முக்காலுக்கு
செம்பனை நிரையில்
ஆந்தைக் கூண்டைக் காட்டுவது அதுதானே.
கவிநேசனும் தங்கையும்
அதற்காகவே சன்னலோரம் அடித்துக்கொள்வார்கள்.

போன வருசம் பாஸ்.
அதே வாரம், கோயில் மேட்டு இறக்கத்தில்
பிரேக் காலுக்கடியில் காற்றாய் அமுங்கியது.
இரண்டாம் மிதிக்குத்தான் பிடித்தது.
பின்னால் பதினோரு பிள்ளைகள்
ஏழாம் வாய்ப்பாட்டில் இருந்தார்கள்.
ஓடத் தகுந்தது என்ற தாள்
டேஷ்போர்டில் மடிப்புக் கலையாமல் கிடந்தது.
கடன் சொல்லி பம்ப் மாற்றினேன்.
அது எந்தத் தாளிலும் ஏறவில்லை.

இன்று ஆ ஹெங் திருப்புளியை வைத்து
கால் சுற்றுத் திருகினான்.
ஐந்து வெள்ளி.
மறுபடி வரிசை, மறுபடி கட்டணம்,
பாஸ்.

விளக்கு இப்போது தாரை மட்டும் பார்க்கிறது.
"ஆந்தை எங்க, ஆண்ட்டி?"
"அங்கேயேதான்டா இருக்கு. இருட்டுல."

இறக்கம் வருமுன்னே
வலது கால் தானாய்ப் போய்
பிரேக்கை ஒரு தரம்
விசாரித்துவிட்டு வந்தது.