விட

ஸ்ட்ரோம்னஸில் ஒரு வாரப் பத்திரிகை.
புதன் நான்கு மணிக்குப் பக்கத்தை மூட வேண்டும்.
என் மேஜை ஜன்னலோரம், கண்ணாடி முழுக்க உப்பு.
ஆங்கிலத்தில் ஒப்பிடுகிறவர்களைத்
திருத்துவதுதான் என் பிழைப்பு.

'எங்கள் மழை கர்க்வாலை விட அதிகம்'
என்று எழுதுகிறார் வானிலை நிருபர்.
மழையைக் கொண்டுபோய் ஓர் ஊரோடு நிறுத்துகிறார்,
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு.
'கர்க்வாலின் மழையை விட' என்று
மழைக்கு எதிரே மழையை வைத்தேன்.

'துறைமுகத்தின் எந்தப் படகையும் விட வேகமானது
இந்தப் படகு.'
அதுவும் அதே துறைமுகத்துப் படகுதானே ஐயா,
தன்னையே எப்படி முந்தும்?
'வேறு' என்றொரு சொல்லைச் செருகினேன்.

'சீல்கள் போன வருஷத்தை விட மூன்று மடங்கு அதிகம்.'
மூன்று மடங்கா, மூன்று மடங்கு கூடி நான்கா?
போன் செய்தேன். எண்ணியவருக்கே சந்தேகம்.
நாற்பது, நூற்றிருபது
என்று எண்களையே போட்டுவிட்டேன்.
எண்கள் வாயாடுவதில்லை.

மூன்று இருபதுக்கு மரண அறிவிப்புகள் வந்தன.

'தோரா ஃப்ளெட், எழுபத்தெட்டு, அவுட்டர்டவுன்.
கணவனை விடக் கடலை அதிகம் நேசித்தவள்.
மலர்கள் வேண்டாம்.'

பென்சில் நின்றது.
இந்த இடத்தில் வாக்கியம்
ஒரு வினையை விழுங்கிவிடுகிறது,
எதை விழுங்கினேன் என்று சொல்வதில்லை.
கணவன் நேசித்ததை விடவா?
கணவனை நேசித்ததை விடவா?
முதலாவது புகழுரை.
இரண்டாவது வழக்கு.

மான்ஸி ஃப்ளெட்டைக் கூப்பிட்டேன்.
முப்பத்தோரு வருஷம் ஸ்க்ராப்ஸ்டர் கப்பலில்
எஞ்சின் அறையில் இருந்தவர்.
துக்கம் விசாரித்தேன். பிறகு, தொண்டையைச் செருமி,
இலக்கணம் விசாரித்தேன்.
சொல்லுக்கு நாற்பது பென்ஸ்,
ஆனால் இந்தச் சொல்லுக்குக் காசு வேண்டாம் என்றேன்.

அந்தப் பக்கம் கெட்டில் கொதித்து அடங்கியது.

"நான் எழுதலை. அவளே எழுதி வச்சிட்டுப் போயிருக்கா.
ரொட்டி டப்பாவுக்கு அடியில இருந்தது."

"அப்படியென்றால் எந்த அர்த்தம்?"

"ஒன்பது நாளா அதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்.
காலையில படிச்சா ஒண்ணு.
விளக்கை அணைச்சப்புறம் நினைச்சா இன்னொண்ணு."

நாய் குரைத்தது. அதட்டினார்.

"எனக்குக் கடல் பிடிக்கவே பிடிக்காது.
கப்பலுக்கு அடியில போய் உட்கார்ந்ததே அதுக்குத்தான்.
அவ பிப்ரவரியிலும் இறங்குவா.
நான் கரையில துண்டோட நிப்பேன்.
மேல வந்ததும் முதல்ல திட்டுவா,
துண்டு ஜில்லுன்னு இருக்காம்."

சிரித்தாரா, மூக்கைச் சிந்தினாரா,
போனில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும்.

"ஒரு வினைச்சொல் போதும், மிஸ்டர் ஃப்ளெட்.
எதுவென்று சொன்னால் சேர்த்துவிடுகிறேன்."

"சேர்த்தா தீர்ந்துடும் இல்ல?"

"தீர்ந்துடும்."

"அப்ப அந்த 'விட'வை
விட்டுடுங்க."

விட்டேன்.
இருபத்தாறு வருஷத்தில்
தெரிந்தே நான் விட்ட முதல் பிழை.

சனிக்கிழமை ஃபின்ஸ்டவுனிலிருந்து கடிதம் வந்தது,
ஓய்வுபெற்ற ஆசிரியர், நீல மை:
வினை எங்கே? கணவர் என்ன ஆவார்?
உங்கள் தரம் மற்ற பத்திரிகைகளை விட மோசம்.
தரத்தைப் பத்திரிகைகளோடு ஒப்பிட்டிருந்தார்.
அதைத் தவிர அவர் சொன்னதெல்லாம் சரி.
பதில் போடவில்லை.

வார்பெத் வழியே வீட்டுக்கு நடந்தேன்.
அலைக்கு எட்டாத தூரத்தில்
மடித்த துண்டைக் கையில் வைத்தபடி
யாரோ நின்றிருந்தார்.
அருகே போகவில்லை.
காற்று நேற்றை விட,
இல்லை,
நேற்றையக் காற்றை விடப்
பலமாக வீசியது.